செஷன், காபி அர்ன், சாம்பல் கிண்ணம்: பிரஸ்பிட்டேரியன் சபை பற்றி வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவில் குடியேறி, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு பிரஸ்பிட்டேரியன் சபைக்கு (பிஷப் இல்லாமல் மூப்பர்கள் நடத்தும் புராட்டஸ்டன்ட் சபை) போகத் தொடங்கிய வாசகர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள். செப்டம்பரில் அங்கே புதிய பருவம் தொடங்குகிறது. ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, கமிட்டிகள் எல்லாம் கோடை ஓய்வு முடிந்து களைகட்டும் மாதம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே. பதில்கள் 'பிரஸ்பிட்டேரியன் சர்ச் (யு.எஸ்.ஏ.)' என்ற பிரிவின் நடைமுறைப்படி எழுதப்பட்டவை. 1983-ல் வடக்குச் சபையும் தெற்குச் சபையும் மீண்டும் இணைந்து உருவான பிரிவு இது. தலைமையகம் கென்டக்கி மாநிலத்து லூயிவில். பி.சி.ஏ. (பிரஸ்பிட்டேரியன் சர்ச் இன் அமெரிக்கா) போன்ற மற்றப் பிரிவுகளில் சில விதிகள் மாறும்.

கேள்வி: மாதம் ஒரு ஞாயிறு மாலை சபை ஹாலில் தமிழ் ஜெபக்கூட்டம் நடத்த அனுமதி கேட்டேன். போதகர் சிரித்த முகத்தோடு "செஷனில் வைக்கிறேன்" என்றார். ஒரு மாதமாகிவிட்டது. தட்டிக்கழிக்கிறாரா? — வாசகர், டாலஸ்

பதில்: இல்லை. அவர் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான். கட்டடத்தை யாருக்குக் கொடுப்பது, ஆராதனை எத்தனை மணிக்கு, திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) எந்த ஞாயிறு என்பதையெல்லாம் முடிவு செய்யும் அதிகாரம் செஷனுக்கு உரியது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்ததுதான் செஷன். போதகர் அதன் தலைவர். ஆனாலும் தனியாக அவரால் 'சரி' சொல்ல முடியாது. அவர் இல்லாமலோ, பிரஸ்பிட்டெரி (வட்டாரச் சபைகளின் மேல்மன்றம்) ஒப்புக்கொண்ட வேறொரு தலைவர் இல்லாமலோ செஷனும் கூட முடியாது. போதகர் விடுப்பில் போன மாதம் உங்கள் விண்ணப்பம் நகராமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆண்டுக்கு நான்கு முறையாவது செஷன் கூட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான சபைகளில் மாதம் ஒருமுறை கூடுகிறது. ஜூலையில் பல இடங்களில் கூட்டமே இருக்காது. விண்ணப்பம் நேராக அங்கே போவதும் இல்லை. முதலில் கட்டடக் கமிட்டியோ ஆராதனைக் கமிட்டியோ பார்க்கும். அந்தக் கமிட்டி செஷனுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் கூடும். செஷன் முடிந்த மறுநாள் நீங்கள் கேட்டிருந்தால் ஐந்தாறு வாரம் ஆவது சாதாரணம்.

வாய்வார்த்தையாகக் கேட்டதுதான் உங்கள் காரியத்தில் தவறு. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, சுமார் எத்தனை பேர், எந்த அறை, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள், கதவைத் திறந்து பூட்டுவது யார், ஏசியையும் விளக்கையும் அணைப்பது யார். கடைசி இரண்டுக்கும் பதில் இல்லாத விண்ணப்பத்தைக் கட்டடக் கமிட்டி திருப்பி அனுப்பும். எழுதியதைச் செஷன் கிளார்க்குக்கும் (பதிவேடுகளைப் பார்ப்பவர்) கமிட்டித் தலைவருக்கும் கமிட்டிக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். நிகழ்ச்சி நிரலில் அது ஏறியதா என்று கிளார்க்கிடம் ஒரு வரி கேட்டுக்கொள்ளலாம். தவறில்லை.

ஒன்று மட்டும் வேண்டாம். மூப்பர்களைத் தனித்தனியாகப் பிடித்து 'எங்களுக்காகப் பேசுங்கள்' என்று ஆதரவு திரட்டாதீர்கள். மூப்பர் நம் வார்டு கவுன்சிலர் போன்றவர் அல்லர். தேர்ந்தெடுத்தவர்களின் விருப்பத்தை எதிரொலிப்பது தம் வேலை இல்லை, கிறிஸ்துவின் சித்தத்தைச் சேர்ந்து தேடுவதே வேலை என்று அவர்கள் சட்டப் புத்தகமே சொல்கிறது. ஆள்பிடிக்கும் வேலை அங்கே எடுபடாது.

கேள்வி: நாங்கள் திருநெல்வேலி சி.எஸ்.ஐ. குடும்பம். இங்கே உறுப்பினராகச் சேர மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? — வாசகி, சார்லட்

பதில்: வேண்டாம். திரியேக நாமத்தில் தண்ணீரால் ஒருமுறை பெற்ற ஞானஸ்நானம் போதும். குழந்தைப் பருவத்தில் பெற்றதானாலும் செல்லும். திரும்பக் கொடுக்க அவர்கள் சம்மதிக்கவும் மாட்டார்கள்.

சேர மூன்று வழி உண்டு. முதல்முறையாக விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சேர்வது. பழைய சபையிலிருந்து மாற்றுச் சான்றிதழ் கொண்டுவருவது. விசுவாசத்தை மீண்டும் உறுதிசெய்து சேர்வது. ஊரிலுள்ள சேகரகுருவிடமிருந்து கடிதம் வரக் காத்திருந்தே பலர் ஒரு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். அது தேவையில்லை, மூன்றாவது வழியில் சேர்ந்துவிடுங்கள். ஞானஸ்நானம் பெற்ற ஆண்டும் சபையின் பெயரும் மட்டும் சரியாகச் சொல்லுங்கள். கிளார்க் அதைப் பதிவேட்டில் எழுதுவார். ஊரில் இருக்கும் உங்கள் பெயரையும் நீக்கச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு சபைகளும் ஒன்றுக்கொன்று அந்நியமும் அல்ல. பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908-ல் சேர்ந்து அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்த சி.எஸ்.ஐ.யின் ஒரு பகுதி. சென்னை எழும்பூரில் 1821-ல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டதுதான். ஆனால் நெல்லைப் பக்கம் ஆங்கிலிக்கன் மரபில் வந்தது. நீங்கள் தேடப்போகும் பிஷப் இங்கே இல்லை. அந்த இடத்தில் இருப்பது பிரஸ்பிட்டெரி. வட்டாரத்துப் போதகர்களும் சபைகள் அனுப்பும் மூப்பர்களும் உட்காரும் மன்றம். 'டீக்கன்' என்பதையும் உதவிகுரு என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளிகளையும் துக்க வீடுகளையும் கவனிக்கச் சபையார் தேர்ந்தெடுத்து அபிஷேகம் செய்த சாதாரண உறுப்பினர்கள் அவர்கள்.

கேள்வி: பெண்கள் மூப்பராகலாமா? — வாசகி, எடிசன்

பதில்: ஆகலாம், 1930-லிருந்து. போதகராக 1956-லிருந்து. இது வடக்குச் சபையின் கணக்கு. தெற்கில் இரண்டும் 1960-களில் வந்தன. பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. தொடர்ந்து ஆறு ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. ஓராண்டாவது இடைவெளி விட்டுத்தான் திரும்ப வரலாம். நியமனக் கமிட்டியிலிருந்து அழைப்பு வந்தால் உடனே 'ஐயோ, நானா' என்று மறுத்துவிடாதீர்கள். மாதம் எத்தனை மாலை போகும், எந்தக் கமிட்டி என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆராதனைக்குப் பின் காபி தயாரிக்கும் பொறுப்பு அக்டோபர் முழுக்க எங்கள் குடும்பத்துக்கு. பெரிய எவர்சில்வர் அர்ன் (காபி போடும் மின்பாத்திரம்) இரண்டு இருக்கின்றன. போன முறை யாரோ போட்டபோது கரண்ட் போய்விட்டதாம். — வாசகர், பிட்ஸ்பர்க்

பதில்: ஒரு அர்ன் சுமார் 1500 வாட் இழுக்கும். 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் இணைப்பு தாங்குவது 1800 வாட். சமையலறையில் வழக்கமாக இருக்கும் 20 ஆம்பியர் இணைப்பு 2400. இரண்டு அர்னையும் ஒரே இணைப்பில் செருகினால் 3000 ஆகிவிடும், பிரேக்கர் விழுந்தே தீரும். ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரே இணைப்புதான். ஒன்றைச் சமையலறையிலும் மற்றதை ஹாலின் எதிர்ப்பக்கச் சுவரிலும் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் கம்பி வேண்டவே வேண்டாம், சூடேறும்.

அளவு எளிது. கப் ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டித் தூள். 30 கப்புக்கு 2 அளவுக்கோப்பை, 60 கப்புக்கு மூன்றேமுக்கால், 100 கப்புக்கு ஆறேகால். ஆனால் அர்ன் மேல் அச்சிட்டிருக்கும் 'கப்' வெறும் 5 அவுன்ஸ், அதாவது 150 மில்லி. சபையில் எல்லோரும் எடுப்பது 8 அவுன்ஸ் மக். எனவே 100 கப் அர்னில் அறுபது பேருக்குத்தான் வரும்.

பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சீக்கிரம் ஆகட்டும் என்று வெந்நீர் ஊற்றினால், அர்னின் உணர்கருவி 'வெந்துவிட்டது' என்று எண்ணிச் சீக்கிரமே நிறுத்திவிடும். கிடைப்பது பழுப்புநிறத் தண்ணீர். தூள் கொஞ்சம் கொரகொரவென்று இருக்க வேண்டும். நம்மூர் ஃபில்டர் காபித் தூளை, அதிலும் சிக்கரி கலந்ததை, இதில் போட்டீர்களானால் கூடை அடைத்துக்கொண்டு மேலே வழியும், அடியில் வண்டல் இறங்கும். ஆசைப்படாதீர்கள். கூடையையும் நடுக்குழாயையும் முதலில் நனைத்துக்கொண்டால் துகள் கீழே விழுவது குறையும்.

நூறு கப் தயாராக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 11 மணி ஆராதனை 12-க்கு முடியும் என்றால் 10:40-க்குப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும், மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து கூடையை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசப்பு ஏறிக்கொண்டே போகும். காலி அர்ன் மின்சாரத்தில் கிடந்தால் அடிப்பாகம் கருகும். காபி முடிந்ததும் பிளக்கைப் பிடுங்குவது யார் பொறுப்பு என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அர்னில் வெறும் வெந்நீர் மட்டும், தேநீருக்கு. அதற்குக் காபி போடாத அர்னை ஒதுக்குங்கள். காபிவாசனைத் தேநீரை யாரும் புகழ மாட்டார்கள்.

கேள்வி: அக்டோபர் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு மேசை ஆயத்தம் செய்ய என்னைக் கேட்டிருக்கிறார்கள். என்னென்ன செய்ய வேண்டும்? என் ஏழு வயது மகனும் எடுக்கலாம் என்கிறார்கள், ஊரில் திடப்படுத்தலுக்கு (விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் சடங்கு) பிறகுதானே? — வாசகி, அட்லாண்டா

பதில்: இரண்டாவதை முதலில் முடிப்போம். இங்கே திடப்படுத்தல் வரை காத்திருப்பதில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை எடுக்கலாம். எப்போது என்பது பெற்றோரின் முடிவு. வீட்டில் ஒருமுறை அதன் பொருளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அழைத்துப்போங்கள்.

இனி ஆயத்தம். திராட்சரசம் பெரும்பாலும் புளிக்காத சாறு. 64 அவுன்ஸ் பாட்டிலில் 1.89 லிட்டர் இருக்கும். வட்டத் தட்டு ஒன்றில் சின்னக் கிண்ணம் நாற்பது. கிண்ணத்துக்குச் சுமார் 10 மில்லி ஊற்றினால் ஒரு பாட்டிலில் நான்கு தட்டு நிரம்பும். விளிம்புவரை ஊற்றாதீர்கள், மூன்றில் இரண்டு பங்கு போதும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போதுதான் சிந்தும். வெள்ளை விரிப்பில் விழுந்த திராட்சைக் கறை லேசில் போகாது. குமிழை அமுக்கி நிரப்பும் பாட்டில் சமையலறை அலமாரியில் இருக்கும், தேடுங்கள். கரண்டியால் ஊற்றினால் இருமடங்கு நேரம் பிடிக்கும், கையும் நடுங்கும்.

அப்பம் விஷயத்தில், ஆட்கள் முன்னால் வந்து தோய்த்து எடுக்கும் முறையா, இருக்கைக்குத் தட்டு வரும் முறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோய்ப்பதானால் மேலோடு கெட்டியான ரொட்டி வாங்க வேண்டும். பஞ்சு போன்ற ரொட்டி சாற்றில் உதிர்ந்து, இருபதாவது ஆள் வரும்போது பாத்திரம் கூழாகிவிடும். தட்டு முறைக்கு ஒரு சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். முந்தின இரவே நறுக்கினால் காய்ந்து பொடியும்.

கோதுமை ஒவ்வாதவர்களுக்கான அப்பம் தனித்தட்டில், தனிக்கத்தியால், முதலில் நறுக்க வேண்டும். கோதுமை ரொட்டியை நறுக்கிய பலகையில் பிறகு அதை நறுக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரு துணுக்கு பட்டாலே சீலியாக் நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது. தட்டில் தெரியும்படி அடையாளம் வையுங்கள், பரிமாறும் மூப்பர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

மீந்ததைக் குப்பையில் கொட்டாதீர்கள். செஷன் ஏற்றுக்கொண்ட முறை ஒன்று இருக்கும். உண்டுவிடுவது அல்லது மண்ணில் சேர்ப்பது. கண்ணாடிக் கிண்ணமானால் உடனே வெந்நீரில் அலசுங்கள். மாலைவரை விட்டால் அடியில் சர்க்கரை பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் செய்யப்போகும் அக்டோபர் முதல் ஞாயிறு 'உலகத் திருவிருந்து ஞாயிறு'. 2026-ல் அது 4-ஆம் தேதி. பல நாடுகளில் பல சபைகள் அன்று ஒருசேரத் திருவிருந்து எடுக்கும் வழக்கம், உங்கள் நாட்டிலேயே பிட்ஸ்பர்க் ஷேடிசைட் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1933-ல் தொடங்கியது. பல நாட்டு ரொட்டிகளை மேசையில் வைப்பார்கள். சப்பாத்தி கொண்டுவரச் சொன்னால் எண்ணெய் தடவாமல், சற்றுத் தடிமனாகச் சுட்டுக்கொண்டு போங்கள், பிட்டெடுக்க வரும்.

கேள்வி: அன்று ஒரு சிறப்புக் காணிக்கை உறையும் தருகிறார்களே, அந்தப் பணம் எங்கே போகிறது? — வாசகர், ராலே

பதில்: அது 'சமாதானமும் உலக சாட்சியும்' காணிக்கை. நூறு டாலரில் 25 உங்கள் சபையிலேயே சமாதானப் பணிக்கு நிற்கும், 25 பிரஸ்பிட்டெரி போன்ற இடைநிலை மன்றங்களுக்கு, 50 தேசிய அளவிலான பணிக்கு. இதுபோல் ஆண்டில் நான்கு. ஈஸ்டரை ஒட்டி வருவது பேரிடர் நிவாரணத்துக்கும் பசிநீக்கத்துக்கும் எளியோர் முன்னேற்றத்துக்கும். அதற்குத்தான் பிள்ளைகளிடம் மீன் வடிவ அட்டை உண்டியல் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே காணிக்கையில் 40 சதவீதம் சபையிலேயே இருக்கும், இளையோருக்கும் இடர்ப்பட்ட பிள்ளைகளுக்கும். கிறிஸ்துமஸ் காணிக்கை பாதி, உதவி தேவைப்படும் ஊழியர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும். மறுபாதி சிறுபான்மை இனத்தவரின் கல்வி நிலையங்களுக்கு. காசோலையில் குறிப்பு வரியில் காணிக்கையின் பெயரை எழுதாவிட்டால் பொதுநிதியில் சேர்ந்துவிடும்.

எண்ணுவதைப் பற்றியும் ஒரு வாசகர் ஐயம் எழுப்பியிருந்தார். காணிக்கையை நியமிக்கப்பட்ட இருவராவது சேர்ந்து எண்ணிப் பதிவு செய்ய வேண்டும், அல்லது பிணையக் காப்பீடு உள்ள ஒருவர். இது சட்டப் புத்தக விதி. கணவன் மனைவியை அந்த இருவராகப் போடாமலிருப்பது நல்ல சபைகளின் வழக்கம்.

கேள்வி: நவம்பரில் 'பிளெட்ஜ்' அட்டை வருகிறது. அது கடன்பத்திரம் போலவா? பட்ஜெட்டில் நாங்கள் ஓட்டுப் போட முடியாதாமே? — வாசகர், சான் ஹோசே

பதில்: கடன்பத்திரம் அல்ல. அடுத்த ஆண்டு நீங்கள் கொடுக்க நினைப்பதன் மதிப்பீடு. வேலை போனால், ஊர் மாறினால் பொருளாளருக்கு ஒரு வரி எழுதித் திருத்திக்கொள்ளலாம். அட்டை போடாமல் நிறையக் கொடுப்பவரைவிட, அட்டை போட்டுச் சுமாராகக் கொடுப்பவர் செஷனுக்கு உதவி செய்கிறார். வருமானம் தெரியாமல் பட்ஜெட் போட முடியாதே. வரிக் கழிவு கோருவதானால், ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்ததற்குச் சபையின் எழுத்துச் சான்று அவசியம். ஜனவரியில் வரும் கணக்குத்தாளைத் தூக்கிப்போடாதீர்கள்.

பட்ஜெட் செஷனின் வேலைதான். ஆண்டுக் கூட்டத்தில் அதைச் சபையார்முன் வைப்பார்கள், கேள்வி கேட்கலாம், ஓட்டு கிடையாது. சபையார் ஓட்டுப் போடுவது மூப்பர், டீக்கன் தேர்தல், போதகரை அழைப்பது, அவருடைய பணி நிபந்தனைகள், நிலம் கட்டடம் வாங்குவது விற்பது அடகு வைப்பது ஆகியவற்றுக்கு. போதகரின் சம்பளம் இந்தப் பட்டியலில் வருவதால், ஜனவரிக் கூட்டத்துக்குப் போகாமலிருந்துவிட்டு மார்ச்சில் முணுமுணுப்பதில் அர்த்தமில்லை.

கேள்வி: பாட்லக் விருந்துக்கு (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) சாம்பார் சாதம் கொண்டுபோகலாமா? — வாசகி, ஹூஸ்டன்

பதில்: தாராளமாக. 9க்கு 13 அங்குல அலுமினியத் தட்டு ஒன்று போதும். ஒவ்வொருவரும் எல்லாவற்றிலும் இரண்டு கரண்டிதான் எடுப்பார்கள்; ஊர்விருந்துக்குச் சமைப்பதுபோல் சமைத்து, பாதியைத் திரும்பத் தூக்கி வராதீர்கள். காரம் பாதி, தண்ணீர் சற்றுக் கூட. சாதம் ஆறும்போது இறுகிக் கட்டியாகும். சூடான உணவு 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (60 செல்சியஸ்) மேலேயே இருக்க வேண்டும். ஆராதனை நேரம் முழுக்க மேசையில் ஆறிக் கிடக்கக் கூடாது. மெதுவடுப்புப் பானையை (ஸ்லோ குக்கர்) 'வார்ம்' நிலையில் விட்டுவிட்டுப் போங்கள். தயிர்சாதமானால் குளிர்பெட்டியில் வைத்திருந்து விருந்து தொடங்கும்போது எடுங்கள். வெளியே இரண்டு மணி நேரம்தான் கெடு.

ஒரு சீட்டில் பொருட்களை எழுதி ஒட்டுங்கள். முந்திரி, நிலக்கடலை, பால், நெய் எல்லோருக்கும் நினைவு வரும். பெருங்காயம் வராது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். 'அரிசிதானே' என்று நம்பிச் சாப்பிடுகிற கோதுமை ஒவ்வாதவர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள், கரண்டிக்கும் சேர்த்து.

கேள்வி: அம்மாவின் அறுவைச் சிகிச்சையை ஜெபப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். வாராந்தரத் தாளில் நோயின் பெயரோடு வந்துவிட்டது, அம்மாவுக்கு மனவருத்தம். — வாசகி, டிட்ராய்ட்

பதில்: வாராந்தரத் தாள் இப்போது இணையத்திலும் ஏறுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சேர்க்கச் சொல்லும்போதே மூன்றை எழுத்தில் தெளிவாக்குங்கள்: முழுப்பெயரா முதல்பெயர் மட்டுமா, காரணம் சொல்லலாமா, எத்தனை வாரம். பெரும்பாலான அலுவலகங்களில் தாளுக்கான கெடு புதன் அல்லது வியாழன்; அதற்குப் பின் திருத்தம் என்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். இணையத்தில் ஏறியதை உடனே நீக்கச் சொல்லலாம், நீக்குவார்கள். விவரம் தெரிய வேண்டியது டீக்கன்களுக்கு மட்டும் என்றால் அவர்களிடம் நேரே சொல்லுங்கள். சாப்பாடு கொண்டுவர ஏற்பாடு செய்தால், வாசலில் ஒரு ஐஸ்பெட்டி வைத்துவிடுங்கள். கதவைத் தட்டி அம்மாவின் தூக்கத்தைக் கலைக்காமல் வைத்துவிட்டுப் போவார்கள்.

கேள்வி: இந்தப் பருவத்தின் முக்கிய நாட்களைச் சொல்லுங்களேன். வேலையில் விடுப்பு கேட்க வேண்டும். — வாசகர், சியாட்டில்

பதில்: 2026 அக்டோபர் 25 சீர்திருத்த ஞாயிறு. நவம்பர் 1 கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளும் நாள். மறந்தவர்கள் பூட்டிய கதவின் முன் நிற்பார்கள். (2027 மார்ச் 14-ல் முன்னால் தள்ளுவதை மறந்தால் ஆராதனையின் கடைசி ஆசீர்வாதத்துக்கு வந்து சேர்வீர்கள்.) நவம்பர் 29 கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. வளையத்தில் வாரம் ஒரு மெழுகுவர்த்தி. மூன்று ஊதா, மூன்றாம் வாரத்துக்கு இளஞ்சிவப்பு, நடுவில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளை. சில சபைகள் ஊதாவுக்குப் பதில் நீலம் வைக்கும்.

டிசம்பர் 24 இரவு ஆராதனையில் எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி கொடுப்பார்கள். எரியும் திரியை நிமிர்த்தியே பிடித்திருக்க வேண்டும். எரியாததைச் சாய்த்து அதில் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிச் செய்தால் உருகிய மெழுகு முன்னால் நிற்பவர் கோட்டிலோ உங்கள் பட்டுப்புடவையிலோ சொட்டும். காகித வட்டத்தைக் கைக்கு மேலே வரும்படி செருகிக்கொள்ளுங்கள். நம் பெண்பிள்ளைகளின் நீண்ட பின்னலும் துப்பட்டாவும் முன்பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குக் கீழே பேட்டரி விளக்கு போதும்.

ஜனவரியில் ஆண்டுக் கூட்டம், புதிய மூப்பர்கள் அபிஷேகம். பிப்ரவரியில் சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) நடக்கும் ஞாயிறு வாசலில் இளையோர் சூப் பானையோடு நிற்பார்கள். ஆளுக்கு ஒரு டாலர், பசித்தோருக்கு. தென் கரோலினா கொலம்பியாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் சபை இளையோர் 1990-ல் ஆரம்பித்தது நாடெங்கும் பரவியது. பானையில் போடச் சில்லறை நோட்டு எடுத்துப்போங்கள், அட்டை தேய்க்கும் வசதி இருக்காது.

நெற்றியில் சாம்பலால் சிலுவை இடும் சாம்பல் புதன் 2027 பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. சாம்பல் தயாரிக்க உங்களிடம் சொன்னால் கவனம் தேவை. போன ஆண்டுக் குருத்தோலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தகரப் பாத்திரத்தில், வெளியே, காற்றில்லாத இடத்தில் எரியுங்கள். உள்ளே எரித்தால் தீ அலாரம் கத்தும். முழுக்க ஆறியபின் தேநீர் வடிகட்டியில் சலித்து, கரகரப்பு போகும்வரை அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி சலித்த சாம்பல் சிறிய சபைக்குத் தாராளம். குழைக்க ஆலிவ் எண்ணெய் சில துளி மட்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. சாம்பலில் இருக்கும் காரம் (ஆல்கலி) தண்ணீரில் கரைந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும். நெற்றியில் சிலுவை வடிவில் புண்ணோடு மருத்துவரிடம் போனவர்கள் உண்டு. எண்ணெய் அதிகமானாலும் மூக்கில் வழியும். விரலில் தொட்டால் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது.

கேள்வி: மகள் கைமணிக் (ஹேண்ட்பெல்) குழுவில் சேர்ந்திருக்கிறாள். அந்தக் கையுறை எதற்கு, அலங்காரமா? — வாசகி, கொலம்பஸ்

பதில்: மணிகள் வெண்கலம். விரலின் எண்ணெயும் வியர்வையும் பட்டால் நிறம் மங்கிக் கறை பிடிக்கும், அதற்குத்தான். மூன்று ஸ்தாயி மணிவரிசையில் 37 மணிகள். பதினொரு பேர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவருடைய இரண்டு மூன்று சுரங்களும் பாட்டில் ஓட்டையாகத் தெரியும். எனவே வியாழன் ஒத்திகைக்கு வர முடியாத வாரத்தை முன்கூட்டியே நடத்துனரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். கையுறையைத் துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், பிடி வழுக்கும்.

கேள்வி: மகன் பிறந்தநாளுக்குச் சபை ஹால் இலவசமாகக் கிடைக்குமா? — வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: உறுப்பினருக்கு வாடகை இல்லாமலோ குறைவாகவோ கிடைக்கலாம், துப்புரவுக் கட்டணமும் முன்பணமும் தனி. அலுவலகத்தில் கட்டடப் பயன்பாட்டுப் படிவம் வாங்கி, இரண்டு மாதம் முன்னதாகக் கொடுங்கள். வெளியார் நிகழ்ச்சி என்றால் பல சபைகள் காப்பீட்டுச் சான்று கேட்கும். மதுவுக்கு அனுமதி இருக்கிறதா, சுவரில் டேப் ஒட்டலாமா, ஹீலியம் பலூன் விடலாமா என்று படித்துப் பாருங்கள். கூரை உயரமான ஹாலில் பலூன் மேலே போய் மாட்டிக்கொண்டால், ஏணியும் ஆளும் உங்கள் செலவு.